லாயல் வூடு

கார்பன் தாள் வைத்து எடுத்த நகலுக்கு ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெயும் பழைய மெழுகும் கலந்தது போல இருக்கும். தொட்டால் விரல் நுனியில் நீலம் ஒட்டும், அந்த விரலோடு சோற்றில் கை வைத்தால் அம்மா திட்டுவாள். எண்பதுகளின் பிற்பகுதியில், ஒரு கோடை விடுமுறையில், தாம்பரம் ரயில்வே குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வாரம் அந்த வாசனை இருந்தது. அப்பா மின்ரயில்களைப் பழுதுபார்க்கும் ஷெட்டில் சார்ஜ்மேன், தொழிலாளர்களை மேற்பார்க்கிற வேலை. அந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு பெற இருந்தார். அவருக்கு ஷெட் ஊழியர்கள் கொடுக்கப்போகிற பாராட்டு மடலின் வரைவுதான் அந்த நகல்.

பாராட்டு மடல் என்று பெயர் தமிழில் இருந்தாலும் மடல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஷெட்டின் தலைமை எழுத்தர் ராகவன் சார் வாசகம் எழுதுவார். மார்க்கெட் பக்கத்து அச்சகத்தில் தங்க நிற மையில் அடித்து, மரச்சட்டம் போட்டு, கண்ணாடிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவர்களில் பாதிப் பேருக்கும் அதைச் சரளமாகப் படிக்க வராது. ஆனாலும் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அது கூடத்துச் சுவரில், சாமி படத்துக்கோ ஏசு படத்துக்கோ பக்கத்தில் தொங்கும். எங்கள் குடியிருப்பில் அதற்குப் பெயர் "ஃபிரேமு". "அவருக்கு ஃபிரேமு குடுத்துட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டால், ஓய்வு பெற்றுவிட்டாரா என்று பொருள். அச்சுக்குப் போகும் முன்னால் வரைவை ஓய்வு பெறுகிறவரிடம் காட்டுவது வழக்கம். இனிஷியல் தப்பாக விழுந்து சட்டம் போட்ட பிறகு மாற்ற முடியாமல் போன கதைகள் இரண்டு வரிசை வீடுகளுக்கு ஒன்று வீதம் இருந்தன.

வரைவைக் கொண்டு வந்தவர் தேவசகாயம் மாமா. பக்கத்துக் குவார்ட்டர்ஸ், அப்பாவைவிடச் சில வயது இளையவர், தொழிற்சங்கக் கிளைச் செயலாளர். அப்பாவை "மச்சான்" என்றும் அம்மாவை "அக்கா" என்றும்தான் கூப்பிடுவார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்குப் போய்வருவது, நான் பார்க்கத் தொடங்கிய காலத்திலிருந்து நின்றதில்லை.

"இன்னா மச்சான், எல்லாம் ரெடியாக்கீது. ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. நீயே போட்டுக் குடுத்துடு" என்றார்.

"ஏன், ராகவன் சாருக்குத் தெரியாத இங்கிலீஷா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"பேஜாராப் பூட்ச்சிக்கா. அவரு மூணு வார்த்தை சொன்னாரு, கமிட்டில மூணுக்கும் மூணு பேரு மூஞ்சியத் தூக்கினாங்க. மச்சானே சொல்லட்டும்னு உட்டுட்டோம்."

அவர் போன பிறகு அப்பா தாளை என்னிடம் நீட்டினார். நான் கான்வென்ட்டில் எட்டாவது முடித்தவள். வீட்டில் ஆங்கிலத்துக்கு நான்தான் அதிகாரி. மூன்றாவது வரியில் அப்பாவின் பெயர், சேவை செய்த ஆண்டுகள், பிறகு வரிசையாகப் புள்ளிகள், அதன் பிறகு "சர்வீஸ்" என்ற சொல். எத்தகைய சேவை என்று சொல்ல வேண்டிய இடத்தில் புள்ளி. அப்பா அந்தப் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார். "ராகவன் மறந்து விடுற ஆளில்ல. வேணும்னேதான் விட்டிருக்கான்" என்றார்.

அந்தப் புள்ளிகள் ஏன் விழுந்தன என்பதைச் சொல்ல, நான் கைக்குழந்தையாக இருந்தபோது நாடு முழுக்க நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் வேலைக்குப் போனவர்களை, விசுவாசிகள் என்ற பொருளில், நிர்வாகம் "லாயல்" என்று குறித்தது. அவர்களுக்குச் சம்பள உயர்வும் சிலரின் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைத்தன. போகாதவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள், வேலையை இழந்தார்கள், ஆட்சி மாறிய பிறகுதான் திரும்ப வந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் அந்தச் சொல் ஆங்கிலமாக இருக்கவில்லை. கோலி விளையாட்டில் காட்டிக் கொடுத்தவன் "லாயலு". வாத்தியாரிடம் பெயர் எழுதிக் கொடுத்த பெண் "லாயலு". யார் வேலைக்குப் போனார்கள் என்பது சில வீடுகளில் ஊருக்கே தெரியும். அந்த வீடுகளுக்கு "லாயல் வூடு" என்று பெயர். சில வீடுகளில் தெரியாது, சந்தேகம் மட்டும் இருக்கும். எங்கள் வீடு அந்த இரண்டாவது வகை.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. வேலைக்குத் திரும்பாதவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று அப்போது நோட்டீஸ் ஒட்டி, போலீஸோடு வந்து சாமான்களை வெளியே எடுத்துப் போட்டார்கள். எங்கள் வரிசையில் அடுப்பும் பாயும் தொட்டிலும் ரோட்டுக்கு வந்தன. எங்கள் வீட்டுச் சாமான் மட்டும் உள்ளேயே இருந்தது. தேவசகாயம் மாமா அப்போது சிறையில்; அவர் மனைவி ஸ்டெல்லா அத்தை குழந்தைகளோடு எங்கள் வீட்டில்தான் தங்கினாள். வேலைநிறுத்தம் முடிந்த பத்தாம் மாதமோ என்னவோ என் அண்ணன் சேகர் ஷெட்டில் கலாசியாக, எடுபிடித் தொழிலாளியாகச் சேர்ந்தான். அவன் பரீட்சை எழுதி வந்தேன் என்பான், கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. அப்பா போலீஸுக்குப் பயந்து சிங்கப்பெருமாள் கோவிலில் என் தாய்மாமன் வீட்டில் தலைமறைவாக இருந்தார். சாமான் எடுக்க வந்த இன்ஸ்பெக்டர், வீட்டில் பச்சைக்குழந்தை இருப்பதைப் பார்த்து மனமிரங்கித் திரும்பிப் போய்விட்டார். அந்தப் பச்சைக்குழந்தை நான். குடும்பத்துக்கு நான் செய்த முதல் உபகாரம் என்று இதை எத்தனையோ முறை கேட்டு வளர்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அப்பா ஒவ்வொரு சொல்லாக விசாரணை செய்தார். விசாரணை என்பதுதான் சரி; ஒவ்வொன்றையும் எதிரே நிறுத்தி, இது எங்கிருந்து வருகிறது, யார் அனுப்பியது என்று கேட்பவர் மாதிரி இருந்தார்.

"ஃபெய்த்ஃபுல்னு போட்டா?"

"விசுவாசமான. எங்க பாடத்துல நாய்க்கு வருது."

"நாய்க்குச் சொல்றதை எனக்குச் சொல்லுவானா ராகவன்? தள்ளு. டிவோடட்?"

"பக்தி மாதிரி. நல்ல புருஷனுக்கும் சொல்வாங்க."

"ஷெட்டுக்கும் எனக்கும் கல்யாணமா ஆச்சு?" என்றார். அம்மா உள்ளே சிரித்தது கேட்டது. அப்பா சிரிக்கவில்லை. "ஒபீடியன்ட்" என்றேன். சொன்னதைச் செய்கிறவன் என்று அர்த்தம் சொன்னதும் அவர் முகம் மாறியது. "யார் சொன்னதை?" என்று மட்டும் கேட்டார். "ஸ்டெட்ஃபாஸ்ட்" என்ற சொல்லை நான் அகராதியில் தேடி எடுத்தேன்; அசையாமல் உறுதியாக நிற்கிற என்று பொருள். அதன் ஓசை அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை நான் தேடி எடுத்தது ராகவனுக்குத் தெரிந்துவிடும், எதையோ மறைக்கத் தேடியிருக்கிறார்கள் என்று நினைப்பான் என்றார். "சின்சியர்" மீதி இருந்தது. எங்கள் பள்ளி ரிப்போர்ட்டில் மார்க் வாங்காத பெண்களுக்கு அதை எழுதுவார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டாம்.

"லாயல்" என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர் என்னை அழைத்துக்கொண்டு ஓய்வு பெற்றவர்கள் வீடுகளுக்குப் போனார். அழைப்புச் சொல்லப் போகிறோம் என்று பெயர். ஒவ்வொரு வீட்டிலும் அவர் காப்பி குடிக்கும்போது நான் சுவரில் தொங்கும் ஃபிரேமின் மூன்றாவது வரியைப் படித்து, வெளியே வந்து சொல்ல வேண்டும். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கொடுத்தவை எல்லாவற்றிலும் "சின்சியர்" என்றே இருந்தது. அதற்கு முந்தியவற்றில் "லாயல்" தாராளமாகக் கிடந்தது. ஒரு பழைய டிரைவர் வீட்டில் மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. சட்டத்தின் மேலேயே ஆணி அடித்து, கண்ணாடிக்கு நடுவில் ஒரு தினசரி காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் எழுந்து காலண்டரை லேசாக நகர்த்தினேன். அடியில் "லாயல்" இருந்தது. அவர் வேலைநிறுத்தத்துக்கு வெகு முன்பே ஓய்வு பெற்றவர், அதற்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "எடுக்காதம்மா, கிழிஞ்சிடும்" என்று அவர் மருமகள் காலண்டரைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் அப்பா முன்னால் நடந்தார். நான் யோசித்துக்கொண்டு வந்தேன். தேவசகாயம் மாமா வீட்டு வாசலில் அவருடைய மகள் ரெஜினா பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். என்னோடு ஒரே வகுப்பு. இருவருக்கும் பிறந்த மாதம்கூட ஒன்று, ஒரே ரயில்வே மருத்துவமனை. அவளைப் பார்த்தபோதுதான் நான் அதுவரை கேட்காத கேள்வி எனக்குள் வந்தது. பச்சைக்குழந்தையைப் பார்த்து இன்ஸ்பெக்டர் மனமிரங்கினார் என்றால், அடுத்த வீட்டிலும் ஒரு பச்சைக்குழந்தை இருந்ததே. அந்த வீட்டுத் தொட்டில் ஏன் ரோட்டுக்கு வந்தது? தெருவில் சண்டை வந்தால் மற்றப் பிள்ளைகள் என்னை "போடி லாயல் வூடு" என்று சொல்லியிருக்கிறார்கள். ரெஜினா ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அது சிநேகத்தால் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று அதையும் சந்தேகப்பட்டேன். சொல்லக் கூடாது என்று அவளுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கலாம்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். முதலில் இன்ஸ்பெக்டர் கதையையே திரும்பச் சொன்னாள். ரெஜினாவைப் பற்றிச் சொன்னதும் மடித்த துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரொம்பத்தான் துருவுறே நீ. நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. உன்னைப் பெத்த உடம்பு எனக்கு இன்னும் ஆறலை. அவர் அன்னிக்கே ட்யூட்டில ஜாயின் பண்ணிட்டார். ஷெட்டுக்குள்ளேயே படுக்கை. முடியற வரைக்கும் வெளியே வரலை. வெளியில சிங்கப்பெருமாள் கோவில்னு சொன்னோம்."

"ஸ்டெல்லா அத்தைக்குத் தெரியுமா?"

"நம்ம வீட்லதானே இருந்தா. அவருக்குக் கேரியர் கட்டினதே அவதான்."

"தேவசகாயம் மாமாவுக்கு?"

"அவ சொன்னாளா இல்லையான்னு நான் கேட்டதில்ல. நீயும் கேக்காதே. அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிக்கப் போறது உனக்குப் பிடிக்கலையா?"

அதோடு பேச்சு முடிந்தது. அப்பா வேலைக்குப் போனதால்தான் எங்கள் கூரை நிலைத்தது. அந்தக் கூரைக்கு அடியில்தான், வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிச் சிறைக்குப் போனவரின் மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். இது தேவசகாயம் மாமாவுக்குத் தெரிந்திருந்தால் இத்தனை வருடம் மச்சான் என்று கூப்பிட்டது ஒரு மாதிரி; தெரியாமல் இருந்திருந்தால் வேறு மாதிரி. எதுவாக இருந்தாலும், ஓய்வு பெற்ற பிறகும் அண்ணனின் குவார்ட்டர்ஸில் அதே வரிசையில்தான் நாங்கள் இருக்கப்போகிறோம். புள்ளிகள் இருந்த இடத்தில் எந்தச் சொல் விழுகிறதோ அதை வைத்து அந்த வரிசை எங்களைப் பார்க்கும், அவரும் பார்ப்பார் என்பது எனக்கே புரிந்தது.

அடுத்த நாள் அப்பா என் பேனாவை எடுத்துவரச் சொன்னார். அவர் கையெழுத்து கோணல்; என்னை எழுதச் சொன்னார். எழுத்து எழுத்தாகச் சொன்னார். எல் என்றார், ஓ என்றார், ஒய் என்றபோது நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"வேண்டாங்க" என்றாள் அம்மா. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்த எழுத்துக்கள் தெரிந்திருந்தன.

"போடு" என்றார் அப்பா. "எனக்குப் பின்னாடி எவனும் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லக் கூடாது. தெரிஞ்சவன் தெரிஞ்சுக்கட்டும்."

புள்ளிகளின் மேல் எழுதினேன். தாளை நாலாக மடித்து, ராகவன் சார் கையிலேயே கொடுக்கச் சொல்லி, தேவசகாயம் மாமா வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிப் போகச் சொன்னார். ராகவன் சார் வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தார். "அப்பாவே சொன்னாராம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "ஷ்யூரா?" என்று மறுபடியும் கேட்டார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

விழா ஷெட் கேன்டீனில் நடந்தது. மேஜை மேல் பச்சை விரிப்பு, சம்பங்கி மாலை, ஒவ்வொரு நாற்காலியிலும் மிக்சரும் மைசூர்பாகும் வைத்த காகிதத் தட்டு. நாங்கள் முன்வரிசை. மடலைப் படிப்பவர் எப்போதும் கிளைச் செயலாளர்தான். தேவசகாயம் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வேதவாசகம் வாசிப்பவர், மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல். அச்சகத்திலிருந்து ஃபிரேமை அன்று காலைதான் நேராக மேடைக்குக் கொண்டு வந்தார்கள் என்பதைக் கவனித்து வைத்திருந்தேன். எனவே அந்தச் சொல்லை அவர் முதன்முதலாகப் பார்ப்பது படிக்கும்போதுதான் என்று கணக்குப் போட்டேன்.

ஃபிரேமை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தார். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் அப்பாவின் பெயரைச் சொன்னார், ஆண்டுகளைச் சொன்னார். மூச்சு வாங்குகிறவர் போல நிறுத்தினார். பிறகு "சின்சியர் சர்வீஸ்" என்று, நிறுத்தம் எதுவும் நடக்காதது போலப் படித்துக்கொண்டு போனார். கேன்டீன் கை தட்டியது. மேடையில் உட்கார்ந்திருந்த ராகவன் சார் சட்டென்று நிமிர்ந்தார், மாமாவின் முதுகைப் பார்த்தார், பிறகு தட்டிலிருந்த மிக்சரில் கடலையைப் பொறுக்கத் தொடங்கினார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்திருந்ததை, அவள் விட்ட பிறகுதான் உணர்ந்தேன்.

வீட்டுக்கு வரும் வேனில் ஃபிரேம் என் மடியில் இருந்தது. மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தேன். தங்க நிறத்தில், நான் எழுதிக் கொடுத்தது போலவே, "லாயல்" என்றுதான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் யாரும் வாசல் பக்கம் போகவில்லை. எல்லாரும் கூடத்திலேயே ஏதோ வேலையாக இருப்பது போல இருந்தோம். வழக்கமான நேரத்தில் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. "இன்னா மச்சான், பென்சன்காரருக்கு டீ இறங்காதா? வந்துகினு இரு, நான் முன்னாடி போறேன்" என்றார் தேவசகாயம் மாமா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே படியிறங்கினார்.

ஃபிரேமை மட்டும் அப்பா மாட்டவில்லை. அதைச் செய்தித்தாளில் சுற்றி பீரோ மேல் வைத்தார். தொண்ணூறுகளில் கோவிலம்பாக்கத்தில் சிறியதாக ஒரு வீடு கட்டிக் குடிபோனோம்; அங்கேயும் சுவர் ஈரம் காயட்டும் என்றார். அதற்குள் நான் ஒரு நாளிதழில் சேர்ந்திருந்தேன். கேட்பது என் தொழிலாகியிருந்தது. ஒரு விடுமுறை நாளில், அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, மாமா அன்று ஏன் மாற்றிப் படித்தார் என்று கேட்டேன்.

"அவன்தான் படிப்பான்னு தெரியும். அவன் வாயில அந்த வார்த்தை வராதுன்னும் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுதான் எழுதச் சொன்னீங்களா?"

"நடுப்பக்கத்தை எடு" என்றார், என் கையிலிருந்த தாளைக் காட்டி.

எவனும் கண்டுபிடித்த மாதிரி சொல்லக் கூடாது என்றவரும் இவர்தான். அன்று அவர் செய்தது ஒப்புதலா, நண்பனுக்கு வைத்த பரீட்சையா என்று நான் இன்னமும் தீர்மானிக்கவில்லை. மாமாவைப் பற்றியும் அப்படியே. நண்பனைக் காப்பாற்றியிருக்கலாம். தன் வீட்டார் எந்தக் கூரைக்கு அடியில் பிழைத்தார்கள் என்பது வெளியே வரக் கூடாது என்று தன்னையே காப்பாற்றியிருக்கலாம். இல்லை, அத்தனை ஃபிரேம்களில் "சின்சியர்" என்று படித்துப் படித்து நாக்கு தானாகவே அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நிறுத்தத்தை நான் கேட்டேன்; தன்பாட்டில் போகிற நாக்கு அப்படி நிற்காது.

அப்பா இறந்த பிறகு, காரியம் முடிந்த மறுநாள், மாமா வந்தார். அம்மாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, "கண்ணு, அந்த ஃபிரேமைக் குடு. நான் வெச்சிக்கிறேன்" என்றார். எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. நேராக பீரோவைப் பார்த்தார். சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரிக்காமல், அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடவாக்கம் போகிற பஸ்ஸின் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். சில வருடங்களில் அவரும் போனார், அவருக்கு முன்னால் ஸ்டெல்லா அத்தை. மகன் வீட்டுக்குப் போன ராகவன் சாரும் இப்போது இல்லை. ரெஜினா வேறு ஊரில் இருக்கிறாள், தொலைபேசியில் கேட்டேன். "அப்படி ஒரு ஃபிரேம எங்க வீட்ல நான் பாத்ததே இல்லடி" என்றாள்.

எங்கள் வரிசை இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிறுத்துகிறார்கள். ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சால்வையும் சூட்கேஸும் கொடுக்கிறார்கள். மடலும் இல்லை, அதைப் படிக்கிற குரலும் இல்லை. குடியிருப்பின் மற்றப் பகுதியில் இன்னும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், காட்டிக் கொடுத்தவனுக்கு அவர்களிடம் வேறு பெயர் இருக்கிறது. அன்று கேன்டீனில் இருந்தவர்களில் நான் தேடிப் பிடிக்க முடிந்த எல்லாரையும் கேட்டுவிட்டேன். எல்லாரும் "சின்சியர்" என்கிறார்கள். என் அண்ணனும் அதையே சொல்கிறான். "காதால கேட்டோமே, எல்லாருந்தான் இருந்தோம். நீ எதையாவது கிளப்பாதே" என்கிறான்.

ஒரே ஒருவர் பார்த்ததாகச் சொல்வதைச் செய்தியில் போடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. இதைச் செய்தியாக எழுத நேர்ந்திருந்தால், அத்தனை சாட்சிகளுக்கு எதிரே என் ஒருத்தியின் கண்ணை ஒதுக்கிவிட்டு, "சின்சியர்" என்றுதான் நான் எழுதியிருக்க வேண்டும். தேவசகாயம் மாமா விரும்பியது அதுதான். அப்பாவும் அதைத்தான் விரும்பினாரா என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை.